விரிசலை எழுதும் விதம்

நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இந்த டெல்டாவின் களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். கூடவே அஸ்திவாரமும் அசைந்தால் சுவர் வெடிக்கும். ஆகவே இங்கே வீட்டை ஆய்வு செய்பவர் ‘சுவரில் விரிசல்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தச் சுவர், எத்தனை மில்லிமீட்டர், பூச்சோடு நிற்கிறதா, செங்கல்லையும் பிளக்கிறதா, எந்த மாதம் பார்த்தது என்பதெல்லாம் வேண்டும். சித்திரையில் விரிந்தது ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளலாம்.

அனுபவமுள்ள கொத்தனார் பார்த்தால் போதாதா என்பார்கள். அவர் கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் வாய்ச்சொல்லை அடுத்த ஆண்டு அளவோடு ஒப்பிட முடியாது. 2018 நவம்பரில் வீசிய கஜா போன்ற புயலுக்குப் பிறகு, பழைய சேதம் எது, புதியது எது என்று காட்டத் தேதியிட்ட பதிவே உதவும். ஆய்வறிக்கையில் பக்கம் கூடினால் பயம்தான் கூடும் என்பதும் நியாயமே. அதனால்தான் உடனே செய்ய வேண்டியது, கவனித்து வர வேண்டியது, விட்டுவிடக்கூடியது என்று முதல் பக்கத்திலேயே பிரித்து எழுத வேண்டும்.