சோதனை முடியட்டும் என்று காத்திருந்த அம்மா

எஸ்.பி.எம். தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாலையில்தான் அம்மா சொன்னார். மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. நான்கு மாதங்களாக இருக்கிறதாம். "உன் சோதனை முடியட்டும்னு இருந்தேன்" என்றார்.

கோப்பெங்கில் காலையில் தோசையும் நாசி லெமாக்கும் விற்கும் சின்ன அங்காடிக் கடை எங்களுடையது. பாட்டி பால்மரம் சீவியவர். ஒருநாள் படுத்தால் அன்றைய கூலி இல்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் துணிவு என்று அம்மா கற்றது அந்தத் தோட்டத்தில்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஈப்போவில் செய்த பரிசோதனை, மார்பகப் புற்றுநோய் என்று உறுதிப்படுத்தியது. நல்லவேளையாக, வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை. அறுவை சிகிச்சை, அதன்பின் கீமோதெரப்பி. மருத்துவமனையில் காத்திருந்த நாள்களில்தான் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கைப் பற்றித் தேடிப் படித்தேன்.

2011 உலகக் கிண்ணப் போட்டியின்போதே அவருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் இருந்தன. மார்ச் 20ஆம் தேதி சென்னை சேப்பாக்கம் அரங்கில், ஆடும்போதே வாந்தி எடுத்தும் 113 ஓட்டங்கள் குவித்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. எல்லாரும் கைதட்டினார்கள். நுரையீரல்களுக்கு இடையே இருந்த கட்டி புற்றுநோய் என்பது பிறகுதான் தெரியவந்தது. 2012இல் அமெரிக்காவில் கீமோதெரப்பி எடுத்தபோது, முடி கொட்டிய தலையோடு தம் படத்தை அவரே டுவிட்டரில் வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி, அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் களமிறங்கி 34 ஓட்டங்கள் எடுத்தார். புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 'யூவீகேன்' அமைப்பையும் தொடங்கினார்.

நம் நாட்டின் டத்தோ லீ சோங் வெய் சென்ற வழி வேறு. 2018இல் அவருக்கு மூக்குப் புற்றுநோய். சிகிச்சைக்குப் பின் பயிற்சிக்குத் திரும்பினார். மூன்று ஒலிம்பிக் வெள்ளிகள் வென்றவருக்குத் தங்கம் மட்டும் மிச்சமிருந்தது. ஆனாலும் 2019 ஜூன் 13ஆம் தேதி, உடல்நலத்தை முன்னிட்டு ஓய்வை அறிவித்தார்.

ஒருவர் களத்துக்குத் திரும்பினார், ஒருவர் விடைபெற்றார். இரண்டுமே துணிவுதான். ஆனால் 113 ஓட்டங்களைவிட அந்த மொட்டைத்தலைப் படம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

அம்மா முதலில் கடைக்கு வருபவர்களிடம் "காய்ச்சல்" என்றே சொல்லி வந்தார். ஒருநாள் தலையில் துணியோடு தோசை ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் பக்கத்து வீட்டு அக்கா மறுபடியும் கேட்டார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "புற்றுநோய்மா. மருந்து எடுக்கிறேன். உனக்கு ஏதாச்சும் கட்டி இருந்தா வச்சிருக்காதே, போய்க் காட்டு."

அந்த அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எனக்கும் ஒன்னு இருக்கு" என்றார். மறுநாள் கடையை அடைத்துவிட்டு அம்மாவே அவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். அது புற்றுநோய் இல்லை. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் பரிசோதித்தால்தான் தெரியும். இன்று அம்மா நலமாக இருக்கிறார். கடைக்கு வரும் பெண்களிடம் விசாரிப்பதை மட்டும் விடவில்லை.

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். என் தேர்வுக்காக அம்மா காத்திருந்த அந்த நான்கு மாதங்கள் இன்னும் மனத்தை உறுத்துகின்றன. தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளே, இன்றிரவே அம்மா அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால், என் சோதனை முடியும்வரை காத்திருக்காதீர்கள்."