கூப்பன் அரிசியும் செத்தல் மிளகாயும்

சந்தையும் சர்க்காரும் – 9

1953 ஜூலையில் இலங்கையின் நிதியமைச்சர், பங்கீட்டில் கிடைத்த கூப்பன் அரிசியின் விலையைக் கூட்டினார். 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து, ஒரே தாவலில் 70 சதம் ஆனது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், பஸ் ஓடவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறித்தான் அமைச்சரவை கூட முடிந்தது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். விலையைக் கூட்டிய அந்த நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன. 24 வருடம் கழித்து நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டவரும் அவர்தான்.

இந்த அடியை இரு பெரிய கட்சிகளும் மறக்கவில்லை. வலதோ இடதோ, யார் ஆண்டாலும் கூப்பன் புத்தகம் இருந்தது. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி, முன்பு வெட்டப்பட்ட இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் மேடை ஏறியது.

சென்ற வாரம் பார்த்த கிழக்கு ஜேர்மனியில் திட்டம் தீட்டியவர்கள் நம்பித் தீட்டினார்கள். கொழும்பில் நடந்தது வேறு. அந்தக் கூட்டணி வென்று அமைத்த அரசின் நிதியமைச்சர் என்.எம். பெரேரா, லண்டனில் ஹரோல்ட் லாஸ்கியிடம் படித்த ட்ரொட்ஸ்கியவாதி. வந்த சில மாதங்களிலேயே 50, 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாதவையாக்கிக் கறுப்புப் பணத்தைத் துரத்தியவர். ஆனாலும் அவர் காலத்தில் இறக்குமதி நின்றதற்கு மார்க்ஸ் பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் எண்ணம். தேயிலை விற்று வந்த காசு போதவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியது. அரிசி, மா, சீனி எல்லாம் கூடவே ஏறின. கையில் டொலர் இல்லாதவன் கடையை மூடுகிறான். பிறகு அதற்குச் 'சுயதேவைப் பூர்த்தி' என்று பெயர் வைக்கிறான்.

மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதிக்குத் தடை வந்தது. தெற்கில் பாணுக்கு வரிசையில் நின்று சனம் சபித்த அதே வருடங்களில், யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு விடிந்தது. ஆறு இல்லாத நாடு அது. செம்மண், அடியில் சுண்ணக்கல், கிணற்று நீர், ஓயாத உழைப்பு, வேறொன்றும் இல்லை. பரப்புக் கணக்கில் காணி வைத்திருந்தவர்கூட வெங்காயம் நட்டுக் கல்வீடு கட்டினார். காணி போதாதவர்கள் வன்னிக்குப் போனார்கள். விசுவமட்டிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காடு வெட்டிக் குடியேறிய பெடியன்கள் மிளகாய் போட்டார்கள். செத்தல் மூட்டைகள் லொறி லொறியாகக் கண்டி வீதி வழியே கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்கு இறங்கின. அங்கே விலை பேசியது கமக்காரர் பக்கம். போட்டிக்குக் கப்பலில் எதுவும் வரவில்லை. வடக்கில் வயதானவர்கள் பலர் 'சிறிமா காலம்' என்று இன்றும் ஒரு பெருமூச்சோடு சொல்வது இதைத்தான்.

விசித்திரம் என்னவென்றால், அதே அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவருக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்திய தரப்படுத்தலையும் கொண்டுவந்தது. தகப்பன் மிளகாயில் சம்பாதித்தார். மகன் முந்தைய வருடமென்றால் மருத்துவபீடத்துக்குள் போயிருக்கக்கூடிய புள்ளிகளை எடுத்துவிட்டு வீட்டில் இருந்தான். வெங்காய விலை உச்சத்தில் இருந்த அந்தக் காலத்திலேயே, 1976 மே மாதம், வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. வயிறு நிறைந்தால் அரசியல் அடங்கும் என்று கணக்குப் போடும் பொருளியலாளர்கள் இந்த வருடங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

அதே தடைகளை நுவரெலியாவில் நின்று பார்த்தால் படம் தலைகீழ். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு வயல் இல்லை, வெங்காயத் தறை இல்லை. சம்பளமும் சங்கக்கடையும்தான். பங்கீடு வெட்டப்பட்டது. நெல்லை வாங்கும் உரிமையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டு, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக முடியாதபடி வீதிகளில் தடைபோட்டது. அதனால் விளையாத மலைக்கு அரிசி வந்தால் கறுப்புச் சந்தை விலையில்தான் வந்தது. 1973, 74இல் லயங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. பிள்ளைகளோடு நகரத் தெருக்களில் கையேந்தியவர்களை அந்தத் தலைமுறை கண்டிருக்கிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். போகத் தயங்கி நின்ற பலரைத் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றியது பசிதான். 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. முதலாளி மாறினார், லயம் மாறவில்லை. காணிச் சீர்திருத்தம் என்ற பெயரில் சில தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டதும் நடந்தது.

1977 ஜூலையில் 168 ஆசனங்களில் 140ஐ அள்ளிக்கொண்டு ஜே.ஆர். வந்தார். நவம்பரில் அவருடைய நிதியமைச்சர் ரொனி டி மெல்லின் வரவுசெலவுத் திட்டம் இறக்குமதித் தடைகளைப் பெரும்பாலும் நீக்கியது. இரட்டை நாணய மாற்று வீதம் ஒழிந்து, டொலர் சுமார் 16 ரூபாய்க்கு வந்து நின்றது. பாண் வரிசை மறைந்தது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. சந்தை தன் வழியில் போகட்டும் என்று அரசு ஒதுங்கிவிட்டதா என்றால், இல்லை. 30 வருடத்துக்குப் போட்ட மகாவலித் திட்டத்தை 6 வருடத்தில் முடிப்பதாக அறிவித்து, பிரித்தானியப் பணத்தில் விக்டோரியா, சுவீடன் பணத்தில் கொத்மலை என்று அணை கட்டியது அரசேதான். 'திறந்த' பொருளாதாரத்தில் நாட்டின் மிகப் பெரிய ஒப்பந்தங்கள் அமைச்சுகளின் கதவு வழியாகவே போயின.

கூப்பன் அரிசிக்கு 1979இல் முடிவு வந்தது. அதன் இடத்தில் உணவு முத்திரை. அரிசி கொத்துக் கணக்கில் கிடைத்தவரை விலை ஏறினாலும் கொத்து கொத்துத்தான். முத்திரையிலோ ரூபாய்த் தொகை அச்சாகியிருந்தது. 1980இல் பணவீக்கம் 26 வீதத்தைத் தொட, அச்சான தொகை அப்படியே இருக்க, அது வாங்கும் அரிசி மட்டும் குறைந்துகொண்டு போனது. 1953இல் வெளிப்படையாகச் செய்து பதவி பறிபோன வேலை, இம்முறை ஒரு தண்டவாளமும் பெயராமல் முடிந்தது.

வடக்கில் முதலில் விழுந்தது வெங்காயமும் மிளகாயும். கப்பல் சரக்கு நாலாம் குறுக்குத் தெருவுக்கு வந்ததும் விலை சரிந்தது. மூடிய காலத்தில் நீரிறைக்கும் இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டும். இப்போது ஜப்பான் இயந்திரம் கடையில் அடுக்கியிருந்தது. ஆனால் மண்ணெண்ணெய் மானியமும் முத்திரைக்குள் சுருங்கிவிட்டதால் எண்ணெய்ச் செலவு ஏறியது. அந்த விலைக்கு எண்ணெய் ஊற்றி இறைத்த வெங்காயம் போட்ட காசைத் திருப்பித் தரவில்லை. தகப்பன்மார் பலர் புகையிலையை நம்பினார்கள். மகன்மார் மத்திய கிழக்கு வேலைக்குக் கடவுச்சீட்டு எடுத்தார்கள்.

(தொடரும்)