வெளுத்த பவளம் செத்துவிட்டதா? விடை அதற்குள் குடியிருக்கும் பாசியிடம்!

கோடை வந்தால் போதும், கடலுக்கடியில் பளீரென்று வெளுத்து நிற்கும் பவளப்பாறைகளின் படங்கள் மொபைலில் வந்து விழும். 'பவளம் அழிந்தது' என்ற தலைப்பும் கூடவே இருக்கும். ஆனால், வெளுத்த பவளம் எல்லாம் செத்த பவளம் அல்ல. அது பட்டினி கிடக்கிறது. மீண்டு வர அதற்குச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. இதைப் புரிந்துகொள்ள, பவளத்துக்குள் வாழும் ஒரு பாசியைத் தெரிந்துகொண்டால் போதும்.

பவளம் கல்லா, செடியா?

ரெண்டும் இல்லை, விலங்கு. ஜெல்லி மீனுக்குச் சொந்தக்காரன். 'பாலிப்' எனப்படும் சின்னஞ்சிறு உயிர், கடல்நீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டும். தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கூடுகளின் குவியல்தான் பவளப்பாறை. மன்னார் வளைகுடா மீனவர்கள் இதைப் 'பார்' என்பார்கள்.

பாலிப்புக்கு இரை பிடிக்கவும் தெரியும். தன் மெல்லிய கரங்களை நீட்டி, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். ஆனால், தெளிந்த வெப்பக்கடலில் அந்த இரை ரொம்பக் குறைவு. அதை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய பாறையைக் கட்ட முடியாது.

அப்போ சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் பாசி வருகிறது. 'ஸூஸாந்தெல்லே' என்று அழைக்கப்படும் ஒற்றைச் செல் பாசிகள், பாலிப்பின் செல்களுக்கு உள்ளேயே வாழ்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத்தில் 10 லட்சத்துக்கும் மேல் இருக்கும்.

பாசி சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கிறது. அதில் 90% வரை பவளத்துக்கே போகிறது. பதிலுக்குப் பவளம் பாதுகாப்பான இடம் கொடுக்கிறது. தான் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடையும் நைட்ரஜன் கழிவையும் கொடுக்கிறது. ஒருவரின் கழிவு இன்னொருவருக்கு உரம். பவளத்தின் பழுப்பு, பச்சை நிறங்களில் பெரும்பகுதி இந்தப் பாசியினுடையது. டைனோசர் காலத்திலிருந்து, சுமார் 16 கோடி ஆண்டுகளாக, இந்தக் கூட்டுக்குடித்தனம் நடக்கிறது.

பிறகு ஏன் பிரிகிறார்கள்?

சூடுதான் காரணம். தண்ணீர் அதிகமாகச் சூடேறும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. சர்க்கரைக்குப் பதிலாக, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. சோறு போட்ட பாசியே விஷமாக மாறுவதால், பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது. மிச்சம் இருப்பது கண்ணாடி போன்ற சதையும், அதற்குக் கீழே தெரியும் வெள்ளைச் சுண்ணாம்பும்தான்.

இதற்கு எவ்வளவு சூடு வேண்டும்? அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட வெறும் 1 டிகிரி செல்சியஸ் கூடி, அது சுமார் 4 வாரம் நீடித்தாலே வெளுப்பு தொடங்கிவிடும். 8 வாரம் நீடித்தால் பவளங்கள் சாகத் தொடங்கும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா, செயற்கைக்கோள் மூலம் இந்தக் கணக்கைத்தான் தினமும் போடுகிறது. அதற்குள் தண்ணீர் குளிர்ந்துவிட்டால், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சப் பாசி மறுபடி பெருகும். நிறம் திரும்பும்.

நம்ம ஊர் நிலைமை என்ன?

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் மன்னார் வளைகுடாப் பவளங்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை, தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது வெளுக்கின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் பிறகு தேறிவிடும். 2016-ல் அப்படித் தேறவில்லை. கடலடியில் சுமார் 39% இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, சுமார் 23% ஆகச் சரிந்தது. வேகமாக வளரும் கிளைப் பவளங்கள்தான் அதிகம் மடிந்தன. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் அந்தக் கிளைகளுக்கு இடையில்தான். ஆக, அடி விழுவது கரையோரத்தில் சின்ன வள்ளத்தில் போய் மீன் பிடிப்பவரின் வலையிலும்கூட.

உலக அளவில் 2023-ல் தொடங்கியது நான்காவது பெரும் வெளுப்பு. பவளப்பாறைப் பரப்பில் 84% வரை வெளுப்பை உண்டாக்கும் சூட்டைச் சந்தித்தது.

சூடு தாங்கும் பாசியை வளர்க்க முடியாதா?

முயற்சி நடக்கிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பாசிகளை ஆய்வகத்தில் 31 டிகிரி சூட்டிலேயே 4 ஆண்டுகள் வளர்த்துப் பழக்கினார்கள். 2020-ல் வெளியான முடிவு இது: 10 வகைகளில் 3, இளம் பவள லார்வாக்களுக்குள் போன பிறகும் சூட்டைத் தாங்க உதவின. இயற்கையிலேயே 'டுருஸ்டினியம்' என்ற சூடு தாங்கும் பாசி இனம் உண்டு. ஆனால், அது தன் சர்க்கரையைப் பவளத்துக்குக் குறைவாகத்தான் கொடுக்கும். உயிர் தப்பும், வளர்ச்சி மெதுவாகும்.

ஆய்வகத்தில் ஜெயித்ததைக் கடல் முழுக்கக் கொண்டுபோவது வேறு வேலை. நேரமும் குறைவு. 1980-களின் தொடக்கத்தில் ஒரு பவளத்திட்டு மோசமாக வெளுத்தால், அடுத்த வெளுப்புக்கு 25 முதல் 30 ஆண்டுகள் இடைவெளி இருந்தது. இப்போது சுமார் 6 ஆண்டுகள்தான். வேகமாக வளரும் பவளத்துக்கே இழந்ததை மீட்க குறைந்தது 10 ஆண்டுகள் ஆகும்.

அப்படியென்றால் என்னதான் வழி?

அடிப்படைத் தீர்வு, பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதுதான். அதற்கு மாற்று கிடையாது. ஆனால், ஊர்மட்டத்தில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கழிவுநீர் கலந்தால் வேறு பெரிய பாசிகள் மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். பாசி உள்ளே இருந்தால் சோறு, மேலே படர்ந்தால் எமன். பவளத்தின் மேல் நங்கூரம் போடாமல் இருப்பதும், வலையை இழுக்காமல் இருப்பதும், கழிவைக் கடலில் விடாமல் இருப்பதும் கடலின் சூட்டைக் குறைக்காது. ஆனால், பட்டினி கிடக்கும் பவளம் பாசி திரும்பும் வரை தாக்குப்பிடிக்க, அந்தச் சில வாரங்களைக் கூட்டிக் கொடுக்கும்.