எச்சமும் முற்றும்

வினையெச்சம் யாது, வினைமுற்று யாது என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் விளக்கி வருகின்றேன். 'தைத்து' என்றால் செயல் நிகழ்ந்ததாயினும் பொருள் நிரம்புவதில்லை. பிறிதொரு வினையை அவாவி நிற்கும். 'தைத்தான்' என்றால் நிரம்பிவிடும். மாணாக்கர் இதனைத் தேர்வுக்கென நெட்டுருச் செய்வர். நானும் அதற்குமேல் எதிர்பார்த்ததில்லை. அவ்விலக்கணத்தின் உயிர்ப்பொருளைச் சென்ற விடுமுறையிலே, பாசிக்குடாவின் மணலில் அமர்ந்து, என் பழைய மாணாக்கி ஒருத்தியிடம் நான் கற்க நேர்ந்தது.

பாசிக்குடா, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, கல்குடாவை அடுத்துக் கிடக்கும் ஆழமற்ற குடாக்கடல். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் மார்பளவைக் கடப்பது அரிது. அன்று காலை தோணியொன்று கரையேறியது. மீனைக் கூடையிலிட்டு அனுப்பிய பின்னரும் கிழவர் ஒருவர் வீடு திரும்பவில்லை. நீண்ட கயிற்றிற் கட்டிய தூண்டில்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியின் விளிம்பிற் கொளுவிக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு பொறுமை என்று வினவினேன். "ஒண்டு குறைஞ்சாலும் ஆரோ ஒருவர்ர கால்லதான் ஏறும்" என்றார்.

"எங்கள் தொழிலின் கடைசி அரைமணி நேரமும் இதுதான், ஐயா" என்றாள் மாணாக்கி. அவள் வெளிநாட்டு மருத்துவமனையொன்றில், முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையின்போது நரம்புகளைக் கண்காணிக்கும் தொழிலைப் பயின்று வருபவள்.

நரம்பு என்ற சொல் எம் பழைய நூல்களில் யாழின் தந்தியையும் குறிக்கும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேதான், உடலின் நரம்பைத் தூண்டினால் மூளையில் எழும் மெல்லிய மின்விடையைத் தலையின் மேலிருந்தே பதியலாம் என்பதை இலண்டனில் டோசன் என்பார் காட்டினார். கணுக்காலின் நரம்பிலே சிறு மின்தூண்டல் கொடுத்தால், அது முண்ணாணின் பிற்புற வழியே ஏறி, ஏறத்தாழ 40 மில்லிசெக்கனில் மூளையை எட்டும். விடை மிக நுண்ணியது. ஆதலின் நூற்றுக்கணக்கான முறை தூண்டிச் சராசரி கண்டே அதனைப் பிரித்தறிவர். இயக்க நரம்புகளுக்கு வேறு வழி. மண்டையோட்டின் மேலிருந்தே மூளையைத் தூண்டலாம் என்பதை மேர்ட்டனும் மோர்ட்டனும் 1980இல் வெளியிட்டனர். அவ்வாறு தூண்டிக் கைகால் தசைகளின் துடிப்பைப் பதிவர். உணர்ச்சி வழி நலமாயிருக்க இயக்க வழி மாத்திரம் பழுதுறலாம். ஆகவே இரண்டையும் காத்தல் வேண்டும்.

இக்கருவிகள் பரவுமுன் மருத்துவர் என் செய்தனர்? பிரான்சிய நாட்டு ஸ்டக்னாராவும் அவருடைய குழுவினரும் 1973இல் விவரித்த முறைப்படி, சத்திரசிகிச்சையின் நடுவே நோயாளியை அரைவிழிப்புக்குக் கொண்டுவந்து, "காலை அசை" என்று கேட்டறிந்தனர். பின்னர், 51,263 சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 1995இல் வெளிவந்த ஆய்வொன்று, கண்காணிப்பில் அனுபவம் மிக்க குழுவினரிடத்து நரம்புக்கேடுகள், அனுபவம் குறைந்தோரிடத்து நிகழ்ந்தவற்றிற் பாதிக்கும் குறைவு என்று கண்டது. கருவி ஒன்றே, பழகிய கண்ணும் கையுமே வேறுபாடு.

அப்பழக்கம் தனக்கு எவ்வாறு வந்தது என்பதை அவள் மறையாது சொன்னாள். பயிற்சியின் மூன்றாம் மாதம். வளைந்த முதுகை நிமிர்த்துவதற்காகப் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி குப்புறக் கிடந்தாள். கம்பிகள் பொருத்தியாயிற்று; சத்திர வைத்தியர் தையல் தொடங்கினார். எல்லாம் முடிந்தது என்று எண்ணிய இவள் ஊசி மின்வாய்களைக் கழற்றக் கை நீட்டினாள். மூத்தவர் மணிக்கட்டைப் பற்றினார். "தைக்கிறார், இன்னும் முடிக்கவில்லை" என்றார். மறுபடி பதிந்தனர். இடக்காலின் விடை, தொடக்கத்தில் இருந்த உயரத்திற் பாதிக்கும் கீழே வீழ்ந்திருந்தது. இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்ததை மயக்கமருந்து வைத்தியர் கண்டு உயர்த்தினார். தையல் நிறுத்தப்பட்டது. சில நிமிடங்களில் விடை மெல்ல மீண்டது.

"நான் கழற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது, ஐயா" என்றவள், சிறிது நேரம் கடலையே நோக்கியிருந்தாள்.

அன்றுதொட்டுத் தான் கைக்கொள்ளும் ஒழுங்கை விரல்விட்டு எண்ணினாள். நோயாளியை எழுப்புதற்கென மருந்தை மாற்றுமுன்னரே, மயக்கமருந்து வைத்தியரோடு பேசி இறுதி இயக்கப் பதிவை எடுத்துவிட வேண்டும். ஆவியாய்ச் செல்லும் மயக்கமருந்து கூடினாலும், தசைதளர்த்தும் மருந்து ஏறினாலும் விடைகள் மங்கும். அம்மங்கலை நரம்பின் ஊறு என்று மயங்குதலும் பிழை. நரம்பின் ஊற்றை மருந்தின் விளைவு என்று தள்ளுதலும் பிழை. இறுதிப் பதிவைத் தொடக்கப் பதிவோடு ஒப்புநோக்கிச் சத்திர வைத்தியருக்கு வாய்விட்டுச் சொல்லி, அவர் இசைவு பெற வேண்டும். பின்னர் மின்தூண்டலை நிறுத்தி, நிறுத்தியதை யாவரும் கேட்க அறிவித்தல்.

அதன் பின்னரே ஊசிகள். வயரைப் பிடித்திழுக்காது, அடியைப் பற்றி, ஏறிய திசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்தல். தலையிற் சுருளாய் ஏறியவற்றைத் திருகியே கழற்றல். எடுத்ததை எங்கும் வையாது நேரே கூரிய கழிவுகளுக்குரிய பெட்டியிலிடுதல். நோயாளியைப் புரட்டும் கைகள் வருமுன், ஏற்றிய தொகையும் எடுத்த தொகையும் ஒத்தல் வேண்டும். ஒருமுறை 24 ஏற்றி 23 எடுத்தாள். எஞ்சிய ஒன்று விரிப்பின் மடிப்பிலே கிடந்தது. தேடாது விட்டிருந்தால், விரிப்பை மாற்றும் ஊழியரின் கையில் அது ஏறியிருக்கும். யாரையேனும் குத்திவிட்டால் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி உடனே அறிவித்தல் முறை. நாணி மறைத்தல் பெருந்தீங்கு.

இன்னும் ஒன்று. மூளையைத் தூண்டும்போது தாடை இறுகி நாவைக் கடித்துவிடக்கூடும். அதனால் கடைவாய்ப் பற்களிடையே துணிச்சுருள் வைப்பர். நோயாளியை மல்லாத்தியதும் நாவையும் உதட்டையும் பார்த்து, சுருள்களையும் எண்ணுதல் வேண்டும். ஊசியிருந்த இடங்களிற் குருதிக்கசிவோ தீப்புண்ணோ உண்டா என நோக்கி, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைத்தல்.

"அத்தோடு முற்றுத்தானே, பிள்ளை?" என்றேன்.

"இல்லை, ஐயா. அந்தச் சிறுமி கண்விழித்து வலக்கால் விரலை அசைத்தாள். பிறகு இடக்கால் விரலையும் அசைத்தாள். அதுவரையும் நான் அந்த அறையை விட்டு அசையவில்லை."

வினைசெயல்வகை என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், செய்யாது விட்ட வினையின் குறையையும் அழிக்காது விட்ட பகையின் குறையையும் அவியாத நெருப்பின் மிச்சத்துக்கு ஒப்பிடுகின்றார். பல்லாண்டு பரிமேலழகர் உரையோடு அக்குறளைப் பாடஞ்சொன்னவன் நான். விரிப்பின் மடிப்பிற் கிடந்த ஓர் ஊசியையே அம்மிச்சமாக இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

நாங்கள் எழுந்தபோது கிழவர் கடைசித் தூண்டிலையும் கொளுவிவிட்டு, தொகை சரியா என்று மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தார். அடுத்த தவணையில் வினைமுற்றுப் பாடம் வரும். 'தைத்தான்' என்பதை உதாரணமாக எழுத என் கை இனிச் சற்றுத் தயங்கும். 'அசைத்தாள்' என்றே எழுதுவேன்.