டப்பாவை வீசாதீர்கள்: வெள்ளையாக்கும் கிரீமும் முறைப்பாடு செய்யும் வழியும்

நானுஓயா நகரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வெள்ளையாக்கும் கிரீம் பூசி முகம் கெட்டுப்போனவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். எரிச்சல் தாங்காமல் டப்பாவைக் கானில் வீசிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். பெட்டியை வாங்கிய அன்றே கிழித்திருப்பார்கள். பில் கேட்டு வாங்கும் பழக்கமே கிடையாது. மூன்று நான்கு மாதம் கழித்து வைத்தியரிடம் போய் உட்காரும்போது, “ஏதோ ஒரு கிரீம், பச்சை மூடி” என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. முகத்தில் போனது பாதரசமா, ஸ்டீரொய்டா என்று வைத்தியருக்குத் தெரியாது. யாரைப் பிடிப்பது என்று அதிகாரிக்குத் தெரியாது. விற்றவரோ அடுத்த சம்பள நாளில் அடுத்த லயத்தில் அதே கிரீமை விற்றுக்கொண்டிருப்பார். கிரீம் தந்த கேடு ஒரு பக்கம் என்றால், சான்றை நாமே அழித்துவிடுவது மறுபக்கம். இந்த இரண்டாவதையாவது உடனே நிறுத்தலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இவற்றில் பயப்பட வேண்டியவை முக்கியமாக மூன்று. முதலாவது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் நொதியைப் பாதரச உப்பு முடக்கிவிடுகிறது. முகம் சீக்கிரம் வெளுப்பதற்குக் காரணம் அதுதான். இரண்டாவது ஸ்டீரொய்ட். கிளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன், மொமெட்டாசோன் என்பவை கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு வைத்தியர் குறித்த நாட்களுக்கு மட்டும் தரும் மருந்துகள். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து சிவப்பு இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் முடி வளரும். மூன்றாவது ஹைட்ரோகுவினோன். வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் நெடுநாள் பூசினால், வெளுக்க வேண்டும் என்று பூசிய இடமே நீலம் கலந்த கறுப்பாகத் தடித்துப்போகும். அந்தக் கறுப்பு எளிதில் மறையாது. தோல் வெளுக்கும் அழகுசாதனங்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாதரசத்தைப் பொறுத்தவரை, இலங்கை 2017 இல் சேர்ந்த மினமாட்டா உடன்படிக்கை முதலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரை விட்டுவைத்திருந்தது. 2023 இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025 உடன் முற்றாக நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தது. உடன்படிக்கையில் கையெழுத்து இருக்கிறது, சரக்கோ கடையில் இருக்கிறது. கொழும்பிலுள்ள சுற்றாடல் நீதிக்கான மையம் சந்தையில் வாங்கிச் சோதித்த கிரீம்களில் மிதமிஞ்சிய பாதரசம் இருந்ததும் புதிய செய்தி அல்ல.

“இரண்டு வருடமாகப் பூசுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்கள் கேரளத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலப்புறம் மாவட்டத்தின் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டெம்பருக்கும் இடையில், சிறுநீரக வடிகட்டி பழுதாகும் மெம்பரனஸ் நெப்ரோபதி என்ற நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிதான ஒரு வகை. துருவிக் கேட்டபோது அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். சிறுநீரகத்துக்கான சர்வதேச மருத்துவ இதழில் இது வெளிவந்தது. கவனியுங்கள், அவர்கள் முகம் எரிகிறது என்று வந்தவர்கள் அல்ல. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து வந்தவர்கள். பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. முகம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். பூசியவரோடும் அது நிற்பதில்லை. தோலிலிருந்தும் துவாயிலிருந்தும் தலையணையிலிருந்தும் ஆவியாகிறது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் லயத்து வீட்டில் அதைச் சுவாசிப்பது பிள்ளைகளும்தான். கர்ப்பிணி பூசினால் வயிற்றிலுள்ள சிசுவுக்குப் போகும், பாலூட்டும் தாய் பூசினால் பாலில் போகும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பிடிவாதமானது: “பூசாமல் விட்டால்தான் முகம் சிவந்து எரிகிறது, ஆகவே கிரீம் தேவைதான்.” இது ஸ்டீரொய்ட் வைக்கும் பொறி. பழகிய தோல், மருந்து நின்றதும் சீறுகிறது. அந்தச் சீற்றம் கிரீமின் நன்மைக்குச் சான்று அல்ல, உள்ளே மருந்து கலந்திருக்கிறது என்பதற்கே சான்று. மூன்றாவது ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. “அழகுக்காக அல்ல, மங்கு மறையத்தான் பூசுகிறோம்” என்கிறார்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள். நானுஓயா 1,600 மீற்றருக்கு மேலே இருக்கும் ஊர். ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். குளிரில் வெயில் உறைக்காது, ஆனால் தோலை விடாது. நாள் முழுக்க மலையில் நிற்பவர்களுக்கு மங்கு வருவதில் வியப்பில்லை. ஆனால் மெலிந்துபோன தோலோடு அதே வெயிலில் மறுபடி நின்றால் மங்கு முன்னிலும் கறுத்துத் திரும்பும். முகத்தை மறைக்கும் துணியும் அகன்ற தொப்பியும், முடிந்தவர்களுக்குச் சன்ஸ்கிரீனும்தான் முதல் சிகிச்சை. அதற்கு மேல் நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலையில் தோல் வைத்தியரைப் பார்க்கலாம், காசு இல்லை. 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதில் ஒன்றிரண்டு நாள் உழைப்பை இந்த டப்பாவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். இறக்குமதிப் பொருளில் இலங்கை இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உயர்ந்தபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். ஸ்டிக்கரே இல்லாத டப்பா, உள்ளடக்கப் பொருட்களின் பட்டியல் இல்லாத டப்பா, பெயர் இல்லாத வெள்ளை டப்பாவில் “பார்லர் கிரீம்” என்று அடைத்துத் தருவது, இவை எதையும் தொடாதீர்கள். பட்டியலில் மெர்குரி, மெர்குரஸ் குளோரைட், கலோமெல், அமோனியேட்டட் மெர்குரி என்றிருந்தால் அது பாதரசம். இந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பொடியாக அச்சாகியிருக்கும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து பாமசியில் காட்டிக் கேளுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. “தங்கம், வெள்ளி, அலுமினியம் ஆகியவற்றில் படவிடாதீர்கள்” என்று சில டப்பாக்களில் எழுதியிருக்கும். பாதரசம் தங்கத்தோடு ஒட்டி அதை வெளிறவைக்கும் என்பதால் வரும் எச்சரிக்கை அது. மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பூசச் சொல்லும் கிரீம் முகத்துக்கு எப்படி ஆகும்? வெளிச்சத்தில் வைத்தால் சாம்பல் நிறமாகக் கறுக்கும் கிரீமையும் சந்தேகியுங்கள். ஆனால், பட்டியலில் பாதரசம் இல்லை என்பதாலேயே டப்பாவிலும் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். கலப்பவர்கள் எழுதுவதில்லை. “மூலிகை” என்ற சொல்லுக்கும் இதே பதில்தான்.

பூசிக்கொண்டிருப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். டப்பாவை எரிக்கவே எரிக்காதீர்கள். பாதரசம் இருந்தால் அடுப்பில் ஆவியாகி வீடு முழுக்கப் பரவும். கானிலும் வீசாதீர்கள், அந்தத் தண்ணீர் கீழே உள்ள பீலிக்குத்தான் போகிறது. மூடியை இறுக்கி, இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பெட்டி இருந்தால் பெட்டியோடு வையுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். பல மாதம் பூசியிருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதிக்கும்படி நீங்களே கேளுங்கள், சாதாரணப் பரிசோதனைதான். எந்தக் கிரீம், எத்தனை மாதம் என்பதைக் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தரும்படியும் கேளுங்கள். வாட்டில் தங்கினால் டயக்னோசிஸ் காட்டில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பின்னால் எந்த அலுவலகத்திலும் உங்கள் வாய்ச்சொல் மட்டுமே நிற்கும்.

அடுத்தது முறைப்பாடு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, விசாரணைக்குப் பிறகு பணத்தைத் திருப்பித் தரவோ, பொருளை மாற்றித் தரவோ, நட்டஈடு கொடுக்கவோ விற்றவருக்கு அதிகார சபை உத்தரவிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கேடு தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து மூன்று மாதம். மெதுவாகக் கொல்லும் பொருளுக்கு இந்தக் காலவரையறை அநியாயமானது, திருத்தப்பட வேண்டியது. திருத்தும்வரை நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும். கடைசியாக வாங்கிய டப்பாவின் திகதியைக் கணக்கில் எடுத்து எழுதுங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கடையின் பெயர், இடம், வாங்கிய திகதி, விலை, தொகுதி இலக்கம், நேர்ந்த பாதிப்பு, நீங்கள் கேட்பது என்ன என்பவை கடிதத்தில் இருக்கட்டும். பில்லின் பிரதியையும் வைத்தியக் குறிப்பின் பிரதியையும் டப்பாவின் படங்களையும் இணையுங்கள். மூலப் பிரதிகளைக் கொடுத்துவிடாதீர்கள். டப்பாவைக் கேட்டால் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள். கேட்டால் பில் தரவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. கடனுக்கு வாங்கினாலும் கேளுங்கள். முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ வாங்கியவர்கள் உரையாடலையும் விளம்பரத்தையும் படமெடுத்து வையுங்கள். கொரியர் உறையில் அனுப்பியவரின் பெயர் இருக்கும், அதுதான் உங்கள் பில்.

கடிதத்தை நுவரெலியா கச்சேரியில் இயங்கும் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம், ஆனால் அழைப்பு கடிதத்துக்கு ஈடாகாது. மூன்று மாதம் கடந்துவிட்டதா? அப்போதும் 1977க்குச் சொல்லுங்கள்; உங்களுக்கு நட்டஈடு கிடைக்காவிட்டாலும் கடையைச் சோதனையிட அது போதும். கிரீமில் ஸ்டீரொய்ட் இருப்பதாக வைத்தியர் சொன்னால் அது அழகுசாதனமே அல்ல, மருந்து. அதே கடிதத்தின் பிரதியைக் கொழும்பிலுள்ள தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கும் அனுப்புங்கள். ஓர் அலுவலகம் மற்றதைக் கைகாட்டி உங்களை அலையவைப்பது நடக்கும், ஆகவே இரண்டுக்கும் ஒரே நாளில் எழுதிவிடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்; தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. சிங்களத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்பினால், அதை யார், எந்தத் திகதியில் சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தபால் தோட்ட அலுவலகம் வழியாக வந்து அங்கேயே கிடக்கும் இடங்களில், நகரத்தில் நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். விசாரணைக்கு அழைக்கும் கடிதம் திகதி கடந்து கையில் கிடைத்தால் முறைப்பாடு அங்கேயே நின்றுவிடக்கூடும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பண்டிகைக்கு முன் நகரத்துக் கடைகளில் ஒரு நாள் சோதனை நடத்திப் படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்தால் கடமை முடிந்துவிடாது. இந்தச் சரக்கு மூட்டையில் லயத்துக்கு லயம் போகிறது; அங்கே போய்ப் பாருங்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்கு வரும் நாளில், “முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?” என்று குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொருவரிடமும் கேட்டு அட்டையில் எழுதட்டும். தாய்மாரே, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.