சிறிய அரங்கு, சொந்தப் பாட்டு

மழைக்காலம் விடைபெற்றதும் மும்பையில் சுயாதீன இசையின் பருவம் தொடங்குகிறது. பெரிய விளம்பரப் பலகைகளில் இடம்பெறாத இந்நிகழ்ச்சிகள் எங்கே நடைபெறுகின்றன? அவை எவ்வாறு பிழைத்திருக்கின்றன?

2025-ஆம் ஆண்டு ஜனவரி 18, 19, 21 ஆகிய மூன்று நாள்களில், கோல்ட்பிளே என்னும் பிரித்தானிய இசைக்குழு நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் விளையாட்டரங்கில் நிகழ்ச்சி நடத்தியது. இணையத்தில் விற்பனைக்கு வந்த நுழைவுச்சீட்டுகள் வந்த வேகத்திலேயே தீர்ந்துபோயின. மறுவிற்பனையில் அவற்றின் விலை பன்மடங்கு உயர்ந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நேரடி இசை நிகழ்ச்சி என்றதும் நம்மில் பலருக்கு இப்போது நினைவுக்கு வருவது இத்தகைய மாபெரும் கூட்டமே.

ஆனால் அதே மாநகரில் வேறொரு வகைக் கச்சேரியும் உண்டு. நூறு பேர் நின்றாலே நிறைந்துவிடும் கூடம். கைக்கெட்டும் தொலைவில் பாடகர். திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ கேட்டிராத பாடல்கள். பெரிய இசை நிறுவனங்களையும் திரைத்துறையையும் சாராமல், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தம் செலவிலேயே பதிவுசெய்து வெளியிடும் கலைஞர்களின் இசை இது. சுயாதீன இசை என்று இதனைத் தமிழில் வழங்குகிறோம். இதில் இன்னும் ஓரமாக, தெரிந்தவர் சொல்லித் தெரிந்துகொள்பவர்களுக்காக மட்டுமே நடைபெறும் நிகழ்ச்சிகளை ‘அண்டர்கிரவுண்ட்’ என்பார்கள். சட்டத்துக்குப் புறம்பானது என்பது அச்சொல்லின் பொருளன்று. பொதுவெளிச்சத்துக்கு வராதது என்பதே பொருள்.

திறந்த வெளியிலிருந்து மூடிய கதவுக்குள்

மும்பைக்கு மேற்கத்திய இசை புதியதன்று. 1930-களிலேயே தாஜ்மகால் ஓட்டலின் நடனக் கூடத்தில் அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். அவர்களுடன் பழகிய கோவா இசைக்கலைஞர்கள் பின்னாளில் இந்தித் திரையிசையின் வாத்தியக் குழுக்களுக்கு முதுகெலும்பானார்கள். 1978-இல் ‘ஜாஸ் யாத்ரா’ என்னும் பன்னாட்டு விழா இந்நகரில் தொடங்கியது. அதற்கு மேடையானது, தோபி தலாவ் பகுதியில் புனித சேவியர் கல்லூரிக்கு அருகிலுள்ள ரங் பவன் என்னும் திறந்தவெளி அரங்கம்.

1986-இல் ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ என்ற விழா தொடங்கியபோது, நாட்டின் ராக் இசைக்குழுக்கள் அதே ரங் பவனைத் தேடி வந்தன. பிறர் பாடல்களை அப்படியே வாசித்துக் காட்டுவதே இசைக்குழுக்களின் வழக்கமாக இருந்த காலம் அது. மும்பையின் ‘ராக் மெஷின்’ குழு அவ்வழக்கத்தை மீறி, 1988-இல் தன் சொந்தப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. பின்னர் ‘இண்டஸ் கிரீட்’ எனப் பெயர் மாற்றிக்கொண்ட அக்குழு, 1995-இல் எம்டிவி விருதையும் பெற்றது. சொந்தப் பாட்டுக்கும் செவி கொடுக்க ஆளுண்டு என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறையில் வேர்விட்டது.

பிறகு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். அமைதி மண்டலத்தில் அதனினும் குறைவாக 50, 40 டெசிபெல். கல்லூரியும் மருத்துவமனையும் சூழ்ந்த ரங் பவன், இசை விழாக்களுக்கு உரிய இடமாக நீடிக்க முடியவில்லை.

இவ்விதிகளைக் குறை கூறுவது எளிது. ஆனால் நோயாளியின் உறக்கமும் மாணவரின் படிப்பும் எந்தக் கச்சேரியைவிடவும் சிறியவை அல்ல. விழாக்காலங்களில் நள்ளிரவு வரை விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரமுண்டு என்றாலும், அது ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேல் இயலாது. விநாயகர் சதுர்த்தியும் நவராத்திரியும் கோலாகலமாக நிகழும் நகரில், அந்நாள்கள் பெரும்பாலும் அவற்றுக்கே போய்விடுகின்றன. எஞ்சிய ஒரே வழி, விதிகள் அனுமதிக்கும் மூடிய அரங்கு. ஆகவே ஒலி வெளியே கசியாத சுவர்களைத் தேடிச் சென்றது இசை. வானத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் கூடிய இசை, கதவு சாத்திய கூடங்களுக்குள் சில நூறு பேருக்கானதாகச் சுருங்கியதில் இவ்விதிகளுக்கும் பங்குண்டு.

ஆலைகளின் நிழலில்

அத்தகைய சுவர்கள் மத்திய மும்பையில் கிடைத்தன. பரேல், லால்பாக் வட்டாரம் ஒரு காலத்தில் ‘கிரண்காவ்’, அதாவது ஆலைகளின் ஊர், என்று அழைக்கப்பட்டது. அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக் போன்ற மக்கள் பாடகர்கள் தொழிலாளர் கூட்டங்களில் டஃப் முழங்கப் பாடிய மண் அது. 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் நூற்பாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் கொண்ட கிடங்குகள் அலுவலகங்களாகவும் உணவகங்களாகவும் மாறின. சில, இசைக் கூடங்களாயின.

அவற்றுள் புகழ்பெற்றது, மதுராதாஸ் ஆலை வளாகத்தில் 2007-இல் திறக்கப்பட்ட ‘ப்ளூ ஃப்ராக்’. நல்ல ஒலியமைப்பும், வாரத்தில் பல நாள் நேரடி இசையும் அதன் சிறப்பு. ஒன்பது ஆண்டுகள் எண்ணற்ற குழுக்களுக்கு மேடையாக இருந்து, 2016-இல் அது மூடப்பட்டது. பாராட்டும் கூட்டமும் குறைவில்லாத ஓர் இடமே நீடிக்கவில்லை என்றால், சிறிய இடங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

2017 டிசம்பர் 29-ஆம் நாள் அதிகாலை, அருகிலுள்ள கமலா மில்ஸ் வளாகத்தின் மேல்தள உணவகங்களில் மூண்ட தீ 14 உயிர்களைப் பறித்தது. பழைய ஆலைக் கட்டடங்களில் கேளிக்கை இடங்கள் பெருகியபோது பாதுகாப்பு பின்தங்கிவிட்டதை அந்த இரவு நகருக்கு உணர்த்தியது. சிறிய கூடத்தில் இசை கேட்பதன் நெருக்கத்தை விரும்பும் எவரும், அதன் அவசர வழி எங்கே என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகக் கருத வேண்டியதில்லை.

வரவும் செலவும்

நம் சபாக்களின் நடைமுறையோடு ஒப்பிட்டால் இந்த இசையின் பொருளாதாரம் தெளிவாக விளங்கும். மும்பையின் சண்முகானந்தா போன்ற ஒரு சபாவுக்குச் சொந்த அரங்கமும் உறுப்பினர் சந்தாவும் புரவலரும் உண்டு. கச்சேரிக்குக் கூட்டம் குறைந்தாலும் சபா நிற்கும். சுயாதீன இசைக்கோ இப்படியொரு தாங்குதூண் இல்லை. பெரும்பாலான கூடங்கள் உணவகங்களே. அவற்றின் வருவாய் மேசையில் பரிமாறப்படுவதிலிருந்து வருகிறது. இசை, ஆளை உள்ளே அழைக்கும் அழைப்பிதழ் மட்டுமே. விற்பனை குறைந்த வாரத்தில் முதலில் நிறுத்தப்படுவதும் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 150 பேர் தலைக்கு ₹500 கொடுத்து வந்தால் வசூல் ₹75,000. பாதி அரங்குக்கு எனக் கொண்டால் குழுவுக்கு மிஞ்சுவது ₹37,500. ஒலிப் பொறியாளர், வாடகைக் கருவிகள், ஒத்திகைக் கூடம், போக்குவரத்து எனச் செலவு ₹21,500 ஆனால், எஞ்சும் ₹16,000 நால்வருக்குப் பகிரப்படும். ஆளுக்கு ₹4,000. பல வார ஒத்திகைக்கான ஊதியம் இது. கூட்டம் 80 பேராகக் குறைந்தால், கைக்காசு போட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

எனவேதான் இத்துறைக் கலைஞர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறார்கள், விளம்பரங்களுக்கு இசையமைக்கிறார்கள், வகுப்பு எடுக்கிறார்கள். ‘பெண்டகிராம்’ குழுவின் பாடகர் விஷால் தத்லானி திரையிசையமைப்பாளராகவும் பெயர் பெற்றது, இரு உலகிலும் கால் ஊன்றியவர்களுக்கு நல்லதோர் உதாரணம்.

இருப்பினும் சில வழிகள் திறந்திருக்கின்றன. 2012-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத் திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கு உண்டென்பதை உறுதிசெய்தது. ஐபிஆர்எஸ் என்னும் இந்திய நிகழ்த்து உரிமைச் சங்கத்தில் உறுப்பினராகித் தம் பாடல்களைப் பதிவுசெய்தோர், அவை பொதுவிடங்களில் ஒலிக்கும்போது அத்தொகையைப் பெறலாம். மேடை ஓரத்தில் விற்கப்படும் சட்டைகளும் இசைத்தட்டுகளும் இன்னொரு வரவு. ‘கண்ட்ரோல் ஆல்ட் டெலிட்’ என்னும் மும்பை விழா மூன்றாவது வழியொன்றைக் காட்டியது. ரசிகர்களிடமே முன்கூட்டி நிதி திரட்டி, நுழைவுக் கட்டணத்தையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டது அது. பெரிய புரவலர் இல்லாமலும் விழா நடத்த இயலும் என்பதற்கு அதுவே சான்று.

தாராவியில் ஒலிக்கும் தமிழ்

மும்பையின் சுயாதீன இசை ஆங்கிலம் பேசுவோரின் பொழுதுபோக்கு மட்டுமே என்ற எண்ணத்தை உடைத்தவர்கள் ராப் கலைஞர்கள். குர்லாவைச் சேர்ந்த நேஸி 2014-இல் ஓர் ஐபேடின் துணைகொண்டே தம் முதல் பாடலை உருவாக்கி வெளியிட்டார். மறு ஆண்டில் அந்தேரியின் டிவைனோடு இணைந்து அவர் பாடிய பாடல், சந்துகளின் மொழியை நாடறியச் செய்தது. 2019-இல் வெளியான ‘கல்லி பாய்’ திரைப்படத்துக்கு இவர்களின் வாழ்க்கையே தூண்டுகோல். ராப் பாட விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியும் சொல்வளமும் போதும். கித்தார் வாங்க இயலாத பிள்ளைகளின் கைக்கும் இந்த இசை எட்டியது அதனால்தான்.

இதில் தமிழுக்கும் பங்குண்டு. தோல் பதனிடும் தொழில் உள்ளிட்ட வேலைகளைத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தலைமுறைகளாக வாழும் இடம் தாராவி. அங்கு உருவான ‘டோப்படெலிக்ஸ்’ குழு இந்தி, ஆங்கிலம், மராத்தி ஆகியவற்றோடு தமிழிலும் பாடுகிறது. 2018-இல் சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘காலா’ படத்தில் இக்குழுவினரின் குரல் ஒலித்தபோது, தமிழகம் அவர்களை முதன்முறையாகக் கேட்டது. ஆனால் தாராவி அதற்கு முன்பே கேட்டிருந்தது. ‘தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட்’ என்னும் அமைப்பு அங்குள்ள சிறாருக்கு ராப், பீட்பாக்ஸ், நடனம் ஆகியவற்றைக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. நாளைய மேடைக்கு உரியவர்கள் அந்த வகுப்பறையில் இருக்கலாம். அவர்கள் வளர்ந்து வரும்போது அவர்களுக்கென ஒரு சிறிய மேடை இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

இப்பருவத்தில் எங்கே, எப்படி?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் மழையின் ஆட்சி. அக்டோபர் முதல் மார்ச் வரையே திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு உகந்த காலம். தொழில் நிமித்தமோ, மகன் மகளைப் பார்க்கவோ அம்மாதங்களில் மும்பை செல்லும் வாசகர்கள் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம்.

கட்டணமின்றித் தொடங்க விரும்புவோருக்குப் பொருத்தமானது, 1999 முதல் நடைபெற்றுவரும் காலா கோடா கலை விழா. பிப்ரவரி மாத வாக்கில் நிகழும் இவ்விழாவில் இசை மேடைக்கும் இடமுண்டு. பாந்த்ராவின் மெஹபூப் ஸ்டுடியோ, 2011 முதல் ப்ளூஸ் இசை விழாவொன்றுக்குப் புகலிடமாக இருந்துவருகிறது. மகாலட்சுமியில் சக்தி மில்ஸ் சந்திலுள்ள ‘ஜி5ஏ’, உணவு விற்பனையை நம்பாமல் கலைக்கென்றே அமைந்த சிறிய அரங்கு. லோயர் பரேலின் ‘ஆன்டிசோஷல்’ புதிய குழுக்களுக்கும் மின்னணு இசைக்கும் பெயர் பெற்றது. லண்டனில் 2009-இல் பிறந்த ‘சோஃபார்’ என்னும் வீட்டுக்கூடக் கச்சேரி முறையும் மும்பைக்கு வந்திருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இடம் கடைசி நேரத்தில் அறிவிக்கப்படும். யார் பாடுவார் என்பது சென்ற பின்னரே தெரியும். நிகழ்ச்சி விவரங்களைக் கூடங்களின் சமூக ஊடகப் பக்கங்களிலும், கலைஞர்களின் பக்கங்களிலும் பார்த்துக்கொள்வது நல்லது. நாளும் நேரமும் மாறுவது இத்துறையில் இயல்பு.

புறப்படும் முன் சில செய்திகளை மனத்தில் கொள்வோம்:

• நுழைவுச்சீட்டை அரங்கமோ கலைஞரோ அறிவித்த தளத்தில் மட்டுமே வாங்குவோம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் இணைப்பு வழியே பணம் செலுத்த வேண்டாம்.

• பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. சீட்டுக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி எவரேனும் அவ்வெண்ணை இடச் சொன்னால், அது மோசடியே.

• ‘கவர் சார்ஜ்’ என்று குறிப்பிட்டிருந்தால், அத்தொகை உணவுக் கணக்கில் கழிக்கப்படுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவோம். மது பரிமாறும் கூடங்களில் வயது வரம்பு உண்டு. பிள்ளைகளுடன் செல்வோர் இதையும் விசாரிப்பது நலம்.

• இசை நிகழ்ச்சிகளில் ஒருவருக்கு ₹500 வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ரசீதில் அதைச் சரிபார்க்கலாம்.

• உள்ளே நுழைந்ததும் அவசர வழியைக் கண்டுகொள்வோம். ஒலிபெருக்கிக்கு மிக அருகில் நெடுநேரம் நிற்பதைத் தவிர்ப்போம்.

பாடகருக்கு உதவ விரும்பினால் மூன்று எளிய வழிகள் உண்டு: இலவச அனுமதிச்சீட்டு கேட்காமல் காசு கொடுத்து நுழைவது, பிடித்துப்போனால் மேடை ஓரத்தில் ஒரு சட்டையோ இசைத்தட்டோ வாங்குவது, அடுத்த முறை ஒரு நண்பரை அழைத்துச் செல்வது. 80 பேர் வந்த கச்சேரி 150 பேருக்கு வளர்வது இப்படித்தான். பெரிய அரங்குகளில் பாடும் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் இத்தகைய சிறிய கூடத்தில், பெயர் தெரியாத சிலர் முன்னிலையில் முதல் பாட்டைப் பாடியவர்களே. அந்தச் சிலருள் ஒருவராக இருக்கும் வாய்ப்பு, இப்பருவத்தில் ஓர் உணவக விருந்தைவிடக் குறைந்த செலவில் நமக்குக் கிடைக்கிறது.