உங்களுக்குத் தெரியுமா? தறிக்காரப் பெண்களும் பிலாட்டீஸ் பயிற்சியும்

இந்தியாவில் கைத்தறி வேலை செய்கிறவர்களில் 100க்கு 72 பேர் பெண்கள் என்கிறது 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் அது கண்ணில் படும்: தார் சுற்றுவது, பாவு நீட்டும்போது அறுந்த இழையை முடிவது, தறியில் உட்காருவது என எல்லாவற்றிலும் பெண்களின் கை இருக்கிறது.

குழித்தறியில் கால்கள் குழிக்குள் மிதியில், கைகள் நாடாவில், கண் இழையில். முதுகு மட்டும் மணிக்கணக்காக முன்னால் வளைந்தே இருக்கும். கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். கூடவே இன்னொருவரும் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்தான்.

‘நாள் முழுக்க உழைக்கிற உடம்புக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?’ என்று கேட்பார்கள். அவசியம் வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் சில தசைகள் களைத்துப்போகும். புட்டத் தசையும் முதுகை நிமிர்த்தும் தசையும் வேலையில்லாமல் தளர்ந்துபோகும். உழைப்பு வேறு, வலு சேர்ப்பது வேறு.

அந்த வலுவைச் சேர்க்க உதவுவது பிலாட்டீஸ் பயிற்சி. அதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப்போரில் பிரிட்டனில் காவல் முகாமில் அடைபட்டிருந்தபோதும் சக கைதிகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். பிறகு நியூயார்க்கில் அவரைத் தேடி நடனக் கலைஞர்கள் வந்தார்கள். இந்தப் பயிற்சிக்கான ஸ்பிரிங் பொருத்திய கருவிகள் விலை கூடியவைதான். ஆனால் 1945இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கும் 34 பயிற்சிகளும் தரையில் செய்பவை. பாய்மேல் ஒரு ஜமுக்காளம் விரித்தால் போதும்.

தொடங்க ஒன்று: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். மூச்சை விட்டபடி அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து, இடுப்பை மெதுவாக உயர்த்துங்கள். ஒரு மூச்சு நிறுத்தி, மேல் முதுகு, நடு முதுகு, இடுப்பு என்ற வரிசையில் கீழே இறக்குங்கள். உழைப்பு புட்டத்திலும் பின்தொடையிலும் தெரிய வேண்டும். இடுப்பு பிடித்தால் அளவுக்கு மீறி உயர்த்திவிட்டீர்கள்.

இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறதா? பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் இது உண்டு. வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. சிறுநீரை அடக்கும் இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சி இதற்கு நல்ல பலன் தரும். பிலாட்டீஸ் பயிற்சியில் இந்தத் தசைகளும் வேலை செய்யும். தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

காஞ்சிபுரம் உலகளந்த பெருமாள் கோயிலில் மூலவர் ஒரு காலில் நின்று மறு காலை நீட்டியிருக்கிறார். நாம் சுவரோரம் நின்று ஒரு காலை ஒரு சாண் தூக்கினாலே இடுப்புப் பக்கத் தசை விழித்துக்கொள்ளும்.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு பிலாட்டீஸ் ஓரளவு உதவும் என்று 510 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு சொல்கிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. எனவே ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டால் யோசியுங்கள்.

மாதவிடாய் நின்ற பின் 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரை குறையக்கூடும். எலும்புக்குப் பாய்ப் பயிற்சி மட்டும் போதாது. எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் 2 நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எலும்பு ஏற்கெனவே மெலிந்தவர்கள், படுத்த நிலையிலிருந்து முதுகை வளைத்துச் சுருண்டு எழும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. அவர்கள் குப்புறப் படுத்து, நெஞ்சை மட்டும் சற்றே உயர்த்தும் பயிற்சியை மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம். தறியில் குனிந்த முதுகுக்கும் அதுவே ஏற்றது.